அச்சின் பின்பாதி

பாளையங்கோட்டையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்புறம், பிணவறைக்குப் போகும் வழியில் ஓர் அறை உண்டு. அங்கே மூக்கு செய்வார்கள். காது, கன்னம், கண்குழியை மூடும் இமை எல்லாம் செய்வார்கள். நோயும் கத்தியும் கொண்டுபோனதைச் சிலிக்கானில் வார்த்து, தோல் நிறம் ஏற்றி, முகத்தில் ஒட்டிக்கொள்ளும்படி கொடுப்பார்கள்.

அந்த அறையின் ஆசிரியை ஆவுடைநாயகி. நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் கற்க வந்தவர் பொன்னுரங்கன். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். ஓசூரில் கார் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைத்தவர். கதவுக் கைப்பிடிக்கு அச்சு செய்து செய்து அலுத்துவிட்டது, மனிதருக்கு உதவும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மனதாரத்தான் சொன்னார்.

வந்த அன்று கண்ணிழந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை அவர் கண்மேல் இருந்த கட்டைப் பிரித்தார். பல் டாக்டர் கடிக்கச் சொல்லும் அந்தக் குழைவான மாவைக் கரைத்து, குழிக்குள் ஊற்றி, இறுகியதும் எடுத்தார். அதுதான் அளவு. அதை வைத்துத்தான் அச்சு.

பொன்னுரங்கன் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார்.

ஆசிரியை ஒரு சொம்புத் தண்ணீருடன் வந்து நின்றார்.

"இது பழகிடுமா மேடம்?"

"எது?"

"பாக்கறது."

"பழகக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஆசிரியை உள்ளே போனார்.

பொன்னுரங்கனுக்கு அந்தப் பதில் புரியவில்லை. பழகாத ஒன்றைத் தினமும் எப்படிச் செய்வது? ஆனால் அவர் கெட்டிக்காரர். கொஞ்ச நாளில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

நோயாளியின் ஸ்கேன் மருத்துவமனையிலேயே இருக்கிறது. காயத்தின் மேடு பள்ளம் எல்லாம் அதில் இருக்கிறது. நோயாளியின் பழைய போட்டோ இருந்தால் போன மூக்கைக் கம்ப்யூட்டரில் திரும்ப உருவாக்கிவிடலாம். அதைச் சுற்றிச் செங்கல்போல ஒரு கட்டியை வரைந்து, கட்டிக்குள்ளிருந்து மூக்கைக் கழித்தால் குழிவு கிடைக்கும். குழிவை நடுவில் பிளந்தால் அச்சின் இரண்டு பாதி. பிரிண்டர் இரண்டையும் அடித்துக் கொடுத்துவிடும். சிலிக்கானை ஊற்றி, மூடி, சூடேற்றித் திறந்தால் மூக்கு.

அச்சின் முன்பாதியில் மூக்கின் வெளிப்பக்கம் இருக்கும். ஊர் பார்க்கும் பக்கம். பின்பாதியில் காயத்தின் வடிவம் இருக்கும். மூக்கு போய் உட்காரும் இடம்.

"நோயாளியைத் தொடவே வேண்டாம் மேடம். அவங்களுக்கும் வலி இல்ல. நமக்கும் வேலை சுத்தம்," என்றார் பொன்னுரங்கன்.

இந்த முறையில் அவர் செய்த ஒரு காதை ஆசிரியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு."

"குறை ஏதாவது?"

"காதுல குறை இல்ல."

அதைப் பொன்னுரங்கன் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் மதுரையில் இதேபோல ஓர் அறை திறக்கும் வேலை வந்தது. வாரத்தில் பாதி நாள் ஆசிரியை அங்கே போய்விடுவார். இங்கே வேலை பொன்னுரங்கன் கைக்கு வந்தது.

கித்தேரியம்மாள் அப்போதுதான் வந்தாள். தூத்துக்குடியில் மீன் கடை. கூடைக்காரியாகத் தொடங்கிச் சொந்தக் கடை போட்டவள். முந்தானையால் கண்ணுக்குக் கீழே இழுத்து மூடியிருந்தாள். மூக்கில் புற்று வந்து, மூக்கை எடுத்துவிட்டு, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்து முடித்து அனுப்பியிருந்தார்கள்.

"நீதான் மூக்கு செய்யுதவனா?"

"ஆமாங்கம்மா. உக்காருங்க."

"இந்தா போட்டோ. எம்மவ கல்யாணத்துல எடுத்தது. இதே மூக்குதான் வேணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். மூக்குத்திக்கு ஓட்டை விட்டுரு."

"சரிங்கம்மா."

"மூக்கறுபட்டவன்னு சொல்லி வைவோம்லா, நானும் எத்தன பேரச் சொல்லியிருப்பேன். இப்ப ஒரு பய எங்கிட்ட பேரம் பேச மாட்டேங்கான். வாங்குனா வாங்கிட்டு, வாங்கலன்னா போயிருதான். மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்."

முந்தானையில் கை வைத்தாள்.

"எடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. ஸ்கேன் இருக்குது. அதுவே போதும்."

அவள் கை இறங்கியது. பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சுய்யா. நானே பாத்ததில்ல. வீட்டுல கண்ணாடியத் திருப்பி மாட்டிட்டேன்."

ஸ்கேன் கரண்ட் வைப்பதற்கு முன்பு எடுத்தது. மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் தெளிவான ஸ்கேன். பொன்னுரங்கன் அதன்மேல் மூக்கை உருவாக்கினார். கல்யாண வீட்டுப் போட்டோவில் இருந்த அதே விடைத்த மூக்கு. நுனியில் லேசாக ஒரு சப்பை. அதையும் விடவில்லை.

திரைக்குப் பின்னால் போய் அவளே மாட்டிக்கொண்டு வந்தாள். பொன்னுரங்கன் கண்ணாடியைக் காட்டினார்.

கித்தேரி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தே திட்டினாள்.

"எங்கட்டிப் போயிருந்த இத்தன நாளா?"

கண்ணீர் வந்தது. புது மூக்கின் ஓரமாக வழிந்தது. துடைக்கத் தெரியாமல் சிரித்தாள்.

"வலது பக்கம் மட்டும் கொஞ்சம் முட்டுதுய்யா."

"எங்க?"

விரலால் காட்டினாள். கண்ணுக்குக் கீழே, உள்பக்கமாக.

"சரி பண்ணிடலாம்மா."

கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் கொஞ்சம் தாராளம் விட்டார். மூக்கின் உட்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். அச்சின் பின்பாதியில் அது ஒரு சின்ன மேடு. புது மூக்கு சரியாகப் பொருந்தியது. கித்தேரி கடைக்குப் போய் உட்கார்ந்தாள். பொன்னுரங்கனுக்கு ஒரு பார்சல் நெய்மீன் வந்தது.

சில வாரம் கழித்து அவளே வந்தாள்.

"அதே இடம்தான். திரும்ப முட்டுது."

"அப்படியா? அளவுல நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

"நீ தப்பு பண்ணுவியா? கம்ப்யூட்டர் பண்ணியிருக்கும்."

கழற்றித் தந்த மூக்கின் உட்பக்கம் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓரம் உரசியிருக்கும் என்று நினைத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். மேட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி இரண்டாம் தடவை திருத்தினார்.

"பெரிய டாக்டர்கிட்ட வரச் சொன்ன தேதி தாண்டிப் போச்சுய்யா. இந்த மூக்கு சரியாகட்டும். மூக்கோட போயி அவர் முன்னால நிக்கணும்னு இருக்கேன். அவரே அசந்துரணும்."

பொன்னுரங்கன் சிரித்தார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது.

பிறகும் முட்டியது. பிறகும் திருத்தினார். அதற்குப் பிறகும் அவள் வந்து திரைக்குப் பின்னால் நின்று, "ஏற மாட்டேங்கு," என்றபோது அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஓசூரில் ஒரு மயிரிழை பிசகாத அச்சு செய்தவர்.

ஆசிரியை மதுரையிலிருந்து வந்த அன்று அவர் கேட்டார்.

"மேடம், ஸ்கேன் தப்பா, என் கணக்குத் தப்பா? எத்தனை தடவை திருத்தினாலும் ஒரே இடத்துல முட்டுது."

"அச்செல்லாம் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"பின்பாதி மட்டும் எடுங்க."

எடுத்து வந்தார். ஆசிரியை அவற்றைச் செய்த வரிசையில் மேசைமேல் வைத்தார்.

"கண்ண மூடிக்கோங்க."

"மேடம்?"

"மூடிக்கிட்டு, முட்டுற இடத்துல விரல வைங்க."

பொன்னுரங்கன் கண்ணை மூடினார். முதல் அச்சில் விரல் வழுக்கிப் போனது. அடுத்ததில் ஒரு மிளகு அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அடுத்தது மொச்சைக்கொட்டை. கடைசி அச்சில் கொட்டைப்பாக்கு.

"என்ன அது?"

"மேடு. நான்தான் வச்சேன். மூக்கு அங்க முட்டாம இருக்கறதுக்கு."

"இந்த அளவு எங்கருந்து வந்துச்சு? ஸ்கேன்ல இருந்தா?"

"இல்ல. அவங்க சொன்ன வலிய வச்சு, ஒரு உத்தேசமா..."

"உத்தேசம் சரியா இருந்துச்சா?"

"ஒவ்வொரு தடவையும் பொருந்துச்சு மேடம். அப்புறம்தான்..."



விரல் இன்னும் கொட்டைப்பாக்கின் மேலேயே இருந்தது. பொன்னுரங்கன் கண்ணைத் திறக்கவில்லை.

"இத இத்தன தடவ செஞ்சிருக்கீங்க. ஒரு தடவ பாத்தீங்களா?" என்றார் ஆசிரியை.

மறுநாள் காலையில் கித்தேரியை வரவழைத்தார்கள்.

"நீங்க எடுங்க," என்று ஆசிரியை பொன்னுரங்கனிடம் சொன்னார்.

அவர் முந்தானையை விலக்கினார். மூக்கிருந்த இடத்தில் ஒரு பொந்து. அதன் வலது ஓரத்தில், கண்ணுக்குக் கீழே, சிவந்து ஈரமாக அது இருந்தது. கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது.

ஆசிரியை கித்தேரியின் கையைப் பிடித்து அறுவை மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புது ஸ்கேன் எடுத்தார்கள். நோய் திரும்பி வந்திருந்தது. எலும்பைத் தாண்டிக் கண்ணுக்கு அடியில் போயிருந்தது. இனி கத்தி வைக்க முடியாது என்றார் மருத்துவர். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதை மருத்துவர் சொல்லிவிட்டார். மீதியை யார் சொல்வது?

"அச்சப் பத்தி நீங்க சொல்லுங்க," என்றார் ஆசிரியை.

"சொல்லித்தான் ஆகணுமா?"

ஆசிரியை வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார்.

பொன்னுரங்கன் மருத்துவமனை வராந்தாவில் கித்தேரியின் பக்கத்தில் போய் நின்றார். உட்காரத் தைரியம் இல்லை. ஸ்கேன் பழையது என்பதைச் சொன்னார். முந்தானையை எடுக்க வேண்டாம் என்று தான் சொன்னது அவளுக்காக மட்டும் இல்லை என்பதைச் சொன்னார். அந்த மேட்டைப் பற்றிச் சொன்னார். எதையும் விடவில்லை.

கித்தேரி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப, அது வளர வளர நீ அதுக்கு எடம் ஒதுக்கிக் குடுத்திருக்க."

"ஆமாங்கம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேக்கல."

மடியிலிருந்த பையைத் திறந்து மூக்கை எடுத்தாள். மூக்குத்தியைத் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூக்கை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பொன்னுரங்கன் அதை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். மேசை மேல் வைத்தார்.

"நான் அன்னைக்கே பாத்திருந்தா பிழைச்சிருப்பாங்களா மேடம்?"

"தெரியாது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அவருக்கும் தெரியாது."

"ஒரு ஆறுதலுக்காவது..."

"காதப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னது நான். அந்தம்மா வந்தப்ப மதுரையில இருந்தது நான். எனக்கும் யாராவது ஆறுதல் சொன்னா நல்லாத்தான் இருக்கும்."



"நான் ஓசூருக்கே போயிடறேன். கைப்பிடி செஞ்சா யாரும் சாக மாட்டாங்க," என்றார் பொன்னுரங்கன்.

"போங்க. போறதுக்கு முன்னால மாவு கரைச்சுட்டுப் போங்க. வெளியில ஒருத்தர் காலையிலருந்து உக்காந்திருக்காரு."

வெளியே காதில்லாத ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். பொன்னுரங்கன் அவரை உள்ளே அழைத்துக் கட்டைப் பிரித்தார். அளவெடுத்து முடித்துக் குழாயடிக்குப் போய் வந்தார். வந்தபோது இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

ஓசூருக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பின் ஒவ்வொரு கட்டையும் அவரே பிரித்தார். கம்ப்யூட்டரை விட்டுவிடவில்லை. அச்சின் முன்பாதியை அதில்தான் செய்தார். பின்பாதியை மட்டும் அன்றன்று மாவில் அளவெடுத்துப் பிளாஸ்டரில் வார்த்தார். சில நாள் குழாயடிக்குப் போவார். சில நாள் போகமாட்டார். போகாத நாளில் அவருக்குப் பயமாக இருக்கும். பழகிவிட்டதோ என்று, கட்டைப் பிரித்த முகத்திடம் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது கித்தேரி வந்தாள். இந்தத் தடவை கணவர் ராயப்பனும் கூட வந்தார். வலை பின்னுகிறவர். அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பாதியாக இளைத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பொன்னுரங்கன் எழுந்து நின்றார்.

"மேடத்தைக் கூப்பிடறேன்மா."

"வேண்டாம். உங்கிட்டதான் வந்தேன்."

"நானா?"

"கடையில உக்காரணும். எங்க வூட்டாளு வேண்டாங்காரு. கூரையப் பாத்துக் கெடந்து சாகவா? பழைய மூக்கும் இல்ல, இருந்தாலும் ஏறாது. நீ ஒண்ணு செஞ்சு குடு."

"எம்மேல கோவம் இல்லையாம்மா?"

"இருக்கு," என்றாள் கித்தேரி. "அதுக்கும் இதுக்கும் என்ன? ஒனக்குத்தான் அந்த எடம் தெரியும்."

மருத்துவரிடம் கேட்டார்கள். அழுத்தாமல், காற்று போகிற மாதிரி, லேசாக மூடலாம் என்றார்.

பொன்னுரங்கன் அவளை நாற்காலியில் சாய்த்தார். முந்தானையை எடுத்தார். விளக்கை இழுத்தார்.

"ஏய்யா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"எப்பிடி இருக்கு? நான் இன்னிக்கி வரைக்கும் பாக்கல. டாக்டரு சொல்லுதது ஒண்ணும் வெளங்கல. இவருகிட்ட கேட்டா அழுதாரு. நீ பாத்துச் சொல்லு."

ராயப்பன் வெளியே போனார்.

பொன்னுரங்கன் குனிந்தார். பார்த்தார். பார்த்ததைச் சொன்னார். பொந்து எவ்வளவு, அதன் ஓரத்துத் தோல் எப்படி ஆறி வெளுத்திருக்கிறது, இடது பக்கம் எப்படிச் சுத்தமாக இருக்கிறது. வலது பக்கம் வந்ததும் குரல் இறங்கியது. அது எலுமிச்சை அளவுக்கு வந்திருக்கிறது, மேலே பிளந்திருக்கிறது, கண்ணை மேலே தள்ளுகிறது என்றார். நாற்றம் இருக்கிறது என்றும் சொன்னார். அவள் அதையும் கேட்டாள்.

கித்தேரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா? நான் இத விட மோசமா நெனச்சு வச்சிருந்தேன்," என்றாள்.

"வாய் வழியா மூச்சு விடுங்கம்மா. மாவு கொஞ்சம் குளிரும்."

மாவு இறுகும்வரை அவள் தலையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார்.

அந்த மூக்கை மாட்டிக்கொண்டு கித்தேரி கடைக்குப் போனாள். வலது பக்கம் உயர்ந்துதான் இருந்தது. கல்யாண வீட்டு மூக்கு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது, அதேதான் என்றும் சொல்லமுடியாது. பேரம் பேச ஆள் வந்தார்களா என்று பொன்னுரங்கன் கேட்டார். ஒரு கிழவி வந்து பாறை மீனுக்கு வாய்த்தகராறு செய்துவிட்டுப் போனாளாம். அதைச் சொல்லும்போது கித்தேரிக்குச் சந்தோஷமாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் மூக்கு ஏறாமல் போகும். வருவாள். புதிதாக மாவு, புதிதாக அச்சு. கம்ப்யூட்டரில் இருந்த முன்பாதி அப்படியே இருந்தது. பின்பாதிகள் அலமாரியில் வரிசையாகச் சேர்ந்தன.

ஒரு நாள் பொன்னுரங்கன் அந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நான் வார்த்து முடிக்கறதுக்குள்ள பழசாயிடுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

ஆசிரியை அப்போது ஒரு காதுக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். தூரிகையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அலமாரியில் கடைசியாக இருந்த பின்பாதியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு தன் இடத்துக்குப் போய்த் தூரிகையை எடுத்துக்கொண்டார்.

அதை வார்த்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் பின் கித்தேரியால் பஸ் ஏறமுடியவில்லை. பொன்னுரங்கன் மாவையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் வந்தார். கடைசியாகப் போனபோது அவள் அதிகம் பேசவில்லை. மாவு இறுகும்போது அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அந்த அளவில் செய்த மூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் ராயப்பன் வந்து வாசலில் நின்றார். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

"முடிஞ்சு போச்சு தம்பி."

பொன்னுரங்கன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ராயப்பன் உட்காரவில்லை.

"மவன் மஸ்கட்ல இருந்து நாளைக்கி வாரான். அது வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கு. மூஞ்சிய மூடச் சொல்லுதாங்க எல்லாரும். மூடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. மாதா கோயில்ல தெறந்து வச்சுத்தான் பூசை நடக்கணுமாம். மவன் அவ மூஞ்சியப் பாக்கணுமாம்."

"கடைசியா செஞ்ச மூக்கு இருக்குதுங்களே?"

"மூஞ்சி வத்திப் போச்சு, நிக்க மாட்டேங்கு. என்னென்னமோ ஒட்டிப் பாத்தோம். விழுந்துருது."

"நீங்க போங்கய்யா. நாங்க கொண்டுட்டு வர்றோம்," என்றார் ஆசிரியை.

ராயப்பன் போனார்.

பொன்னுரங்கன் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். முன்பாதி திரையில் வந்தது. விடைத்த மூக்கு, நுனியில் லேசான சப்பை. அலமாரியைத் திறந்து கடைசிப் பின்பாதியை எடுத்தார். எங்கே குறைக்கலாம், எங்கே கூட்டலாம் என்று விரலால் தடவிப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது ஆசிரியை மாவு டப்பாவையும் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். பையை அவர் முன்னால் வைத்தார்.

"எதுக்கு மேடம்?"

"போயி அளவெடுத்துட்டு வாங்க."

"போன வாரத்து அளவு இருக்குது. என் கையாலதான் எடுத்தேன். அந்த இடத்த என்னைவிட யாருக்குத் தெரியும்? இத வச்சுச் சாயங்காலத்துக்குள்ள வார்த்துடலாம். அவங்களப் போயி அப்படி..."

பின்பாதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் அவங்க உயிரோட இருந்தாங்க," என்றார் ஆசிரியை.